உங்களுக்குத் தெரியுமா? பவளத் தொட்டியில் தட்டைப்புழு

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவரிடம் ‘பிளாட்வார்ம்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் வாடிவிடும். அவசரப்பட்டு மருந்து ஊற்றித் தொட்டியையே இழந்தவர்கள் உண்டு. ஒன்றும் செய்யாமலே தப்பித்தவர்களும் உண்டு. இரு தரப்பும் பார்த்தது ஒரே புழுவைத்தானா?

● மணலிலும் கல்லிலும் துருத்தூளைத் தூவிவிட்டாற்போல் செம்பழுப்புப் புள்ளிகள். விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் வெளிச்சமான இடங்களில் வந்து அடையும். நீரோட்டம் குறைந்த மூலைகள் என்றால் இன்னும் பிடிக்கும். பலர் இதைப் பாசி என்று எண்ணி வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பூதக்கண்ணாடியை எடுத்துப் பாருங்கள். அரை சென்டிமீட்டருக்கு முன்பின் நீளம், பின்பக்கம் மூன்று நுனிகள், மெல்ல வழுக்கிக்கொண்டு நகர்கிறது என்றால் அது பாசி இல்லை. கான்வொலுட்ரிலோபா என்ற புழு. தொட்டிக்காரர்கள் வழக்கில் ‘ரெட் பிளனேரியா’.

● இந்தச் சிவப்புப் புழு பவளத்தைத் தின்பதில்லை. தன் உடம்புக்குள் நுண்ணிய பச்சைப் பாசிகளைக் குடிவைத்து, அவை வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவில் பங்கு வாங்கிக்கொள்கிறது. போதாததற்கு கோப்பிபாட் போன்ற மிகச்சிறு ஓட்டுயிர்களையும் பிடித்துத் தின்னும். பிறகு என்ன கெடுதல்? கூட்டம்தான். ஆயிரக்கணக்கில் பெருகிப் பவளத்தின் மேல் படர்ந்தால் வெளிச்சம் மறைந்துபோகும். பவளத்தின் சதைக்குள்ளும் பாசிகள்தாம் இருக்கின்றன. அவற்றுக்கும் வெளிச்சம் வேண்டும்.

● இன்னொரு செய்தி: உயிரியலாளர்களைக் கேட்டால் இது தட்டைப்புழுவே இல்லை. பள்ளியில் பிளாட்டிஹெல்மின்தஸ் என்று ஒரு தொகுதி படித்திருப்போம். நாடாப்புழு, கல்லீரல் புழு, பிளனேரியா எல்லாம் அதில் அடக்கம். சிவப்புப் புழுவின் கூட்டத்தாரையும் நெடுங்காலம் அதில்தான் சேர்த்து வைத்திருந்தார்கள். 1999-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான மரபணு ஒப்பீடு ஒன்று, இவர்கள் வேறு வம்சம் என்று பிரித்துக் காட்டியது. இவற்றின் உடம்பில் குடல் என்ற குழாயே கிடையாது. வாய் வழியே போன இரை உள்ளே இருக்கும் மென்திசுவில் கலந்து அப்படியே செரிக்கிறது. விலங்குலகில் இவற்றை எங்கே வைப்பது என்ற தகராறு இன்னும் ஓயவில்லை. இருபக்கச் சமச்சீர் உள்ள விலங்குகளின் வரிசையில் முதலில் கிளைபிரிந்தவை என்கிறது ஒரு கட்சி. நட்சத்திர மீனுக்கு நெருங்கிய சொந்தம் என்கிறது இன்னொரு கட்சி. தொட்டி வைத்திருப்பவருக்கு இந்த வழக்கால் என்ன லாபம் என்றால், இதுதான்: ஒரு புழுவுக்குக் கேட்ட மருந்து அதே பெயரில் திரியும் இன்னொரு புழுவுக்கும் கேட்கும் என்று நம்பிவிடக் கூடாது.

● கான்வொலுட்ரிலோபா ரெட்ரோஜெம்மா என்ற இனத்தை 1988-ல் விஞ்ஞானிகள் விவரித்தபோது, அவர்கள் கையில் இருந்தது மீன் தொட்டியில் பிடித்த புழு. தாயின் பின்பக்கத்தில் மொட்டு விட்டுக் குட்டி வளர்கிறது. அந்தக் குட்டியின் தலை, தாயின் தலைக்கு நேர் எதிர்த்திசையில் அமைகிறது. முற்றியதும் கழன்று தனியே போய்விடும். ஜோடி தேட வேண்டியதில்லை, முட்டைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தொட்டியில் ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் போதும், மறுபடி கூட்டம் சேர்ந்துவிடும்.

● நசுக்கலாமா? வேண்டாம். துண்டான உடம்பை வளர்த்துக்கொள்வதில் இந்த வம்சம் கெட்டி.

● பிரான்ஸின் பிரிட்டானிக் கடற்கரையில் ரோஸ்காஃப் புழு என்று ஒன்று உண்டு. நம் சிவப்புப் புழுவுக்குப் பங்காளி, நிறம் மட்டும் கரும்பச்சை. அலை வடிந்ததும் மணலுக்கு மேலே வந்து கூட்டமாக வெயில் காயும். பக்கத்தில் யாராவது நடந்தால் அதிர்வு தெரிந்து மணலுக்குள் போய்விடும். வளர்ந்த பிறகு வாயால் எதையும் உண்பதில்லை, உள்ளே இருக்கும் பாசி தருவதுதான் சாப்பாடு. ஃபிரெடரிக் கீபிள் என்ற ஆங்கிலேயர் இந்தப் புழுக்கூட்டத்தை ஆராய்ந்து 1910-ல் தனிப் புத்தகமே எழுதினார். பாசியை உள்ளே வைத்திருப்பதால் புழு வெளிச்சத்தைத் தேடி வருகிறது என்ற அதே குணம்தான் தொட்டியில் நமக்குக் கைகொடுக்கிறது. விளக்கு நன்றாக எரியும் நேரத்தில் அவை ஒரே இடத்தில் கூடும். உறிஞ்சி எடுக்க அதுதான் தருணம்.

● மீனைக் கொல்வது மருந்து இல்லை, செத்த புழு. பவளத் தொட்டி விபத்துகளில் அடிக்கடி நடப்பதும், எளிதில் தவிர்க்கக்கூடியதும் இதுதான். சிவப்புப் புழுவின் உடம்புச் சாறில் நச்சு இருக்கிறது. உயிரோடு நகரும்வரை அது உள்ளேயே கிடக்கும். கடையில் வாங்கிய புழுமருந்தை ஊற்றி, பல ஆயிரம் புழுக்கள் ஒரே மணி நேரத்தில் செத்தால் அத்தனை சாறும் தண்ணீரில் கலந்துவிடும். அப்புறம் மீன்கள் மூச்சு வாங்கி மேலே வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆகவே வரிசை முக்கியம். காற்றுக்குழாய் அளவுள்ள மெல்லிய ரப்பர் குழாயால் முதலில் சில நாள் உறிஞ்சி எடுங்கள். குழாயின் மறுமுனையை வலைப்பைக்குள் விட்டால் தண்ணீர் வீணாகாது, புழு மட்டும் தங்கும். கண்ணுக்குத் தெரிகிற கூட்டம் நன்றாகக் குறைந்த பிறகுதான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். மருந்து நாளன்று புதிய உப்புநீர் கலந்து தயாராக இருக்கட்டும். ஆக்டிவேட்டட் கார்பன் கழுவிப் பக்கத்தில் இருக்கட்டும். அளவு போடும்போது தொட்டியின் கொள்ளளவைப் பார்க்காதீர்கள். கல்லும் மணலும் பிடித்த இடம் போக மீதி இருப்பதுதான் தண்ணீர். புழுக்கள் கழன்று மிதக்கத் தொடங்கியதுமே அவற்றை உறிஞ்சி வெளியேற்றுங்கள். மருந்துச் சீட்டில் சொன்ன நேரம் முடிந்ததும் கார்பனைப் போட்டுத் தண்ணீரில் நல்ல பங்கை மாற்றுங்கள். ஒளிந்திருந்து தப்பியவை இருக்கும் என்பதால் சில நாள் கழித்து இரண்டாம் சுற்று. முதல் சுற்றிலேயே இரட்டிப்பு அளவு ஊற்றி முடித்துவிடலாம் என்ற ஆசைதான் தொட்டியைக் காலி செய்கிறது.

● ஆடுமாடுகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் லெவாமிசோல்தான் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவுக்கும் ஆய்வாளர்கள் சோதித்த மருந்துகளில் ஒன்று. அது புழுவின் தசையை இறுக்கிச் செயலிழக்க வைக்கும். பிடி விட்டுப்போன புழு கழன்று விழும். மனிதருக்கு நத்தைக்காய்ச்சலுக்கும் நாடாப்புழுவுக்கும் தரும் பிரசிகுவான்டெலும் அந்தப் பட்டியலில் உண்டு.

● தட்டைப்புழு நஞ்சு என்பது வெறும் பயமுறுத்தல் இல்லை. குவாம் தீவில் வாழும் ஒரு பிளனோசெரிட் தட்டைப்புழு, சோழிப்பூச்சிகளை வேட்டையாட டெட்ரோடோடாக்சின் வைத்திருக்கிறது. ஜப்பானில் ஃபுகு மீனைத் தப்பாக அரிந்தால் ஆளைக் கொல்லும் அதே நஞ்சு.

● இனி உண்மையான எதிரி. ஆக்ரோபோரா வகைக் கிளைப் பவளம் வைத்திருப்பவர்கள் ‘ஏஇஎஃப்டபிள்யூ’ (ஆக்ரோபோரா ஈட்டிங் பிளாட்வார்ம்) என்று எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பயப்படுவது இதைத்தான். இது அசல் தட்டைப்புழு, தின்பதும் ஆக்ரோபோராவைத்தான். தின்ற பவளச் சதையின் பாசி நிறம் புழுவின் உடம்பிலும் ஏறிவிடுவதால், கிளையின் மேலேயே கிடந்தாலும் கண்ணில் படாது. தெரிவது அது விட்டுப்போன தடயம் மட்டும்: கிளையில் சின்னச் சின்ன வட்டமான வெளிறிய புள்ளிகள், நாளுக்கு நாள் மங்கும் நிறம், அடிப்பக்கத்திலிருந்து மேலே ஏறிவரும் வெண்மை. சந்தேகம் வந்தால் ரப்பர் குமிழ் வைத்த பெரிய சொட்டுக்குழாயால் கிளைகளுக்கு நடுவே தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். மெல்லிய ஏடு ஒன்று சுருண்டு பறந்தால் சந்தேகம் தீர்ந்தது.

● இந்தப் புழு பல ஆண்டுகள் தொட்டிகளில் அட்டகாசம் செய்தும் அதற்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது 2011-ல்தான். கேட் ராலின்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அமாக்குசாபிளானா ஆக்ரோபோரே என்று பெயரிட்டார்கள். பின்னாளில் பேரினம் மாறி ப்ராஸ்தியோஸ்டோமம் ஆனது. முதலில் பெயர் வைத்தபோது அதன் சொந்த ஊர் எது என்று யாருக்கும் தெரியாது. 2012-ல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், லிசார்ட் தீவை ஒட்டிய கடலில் இயற்கையாக வாழும் புழுவைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். தொட்டியில் பிடிபட்ட கள்ளனின் ஊர் பிறகு தெரியவந்த கதை.

● இதன் முட்டைகள் பவளத்தின் உயிருள்ள சதையில் இருக்காது. சதை செத்து வெளியே தெரியும் எலும்புப் பகுதியில், பெரும்பாலும் அடியில், ஒட்டிக் கிடக்கும். ஒரு தொகுப்பில் 20 முதல் 26 உறைகள். ஒவ்வோர் உறையிலும் 3 முதல் 7 கருக்கள். கணக்குப் போட்டால் ஒரு தொகுப்பிலிருந்தே நூறு புழு வரலாம்.

● அந்த முட்டை உறைதான் எல்லா மருந்தையும் தோற்கடிக்கிறது. பவளத்தைத் தனி வாளியில் மருந்துநீரில் முக்கி எடுப்பதைத் தொட்டிக்காரர்கள் ‘டிப்’ என்பார்கள். டிப்பில் புழு விழும், முட்டை விழாது. முக்கி எடுத்தேன், சுத்தமாகிவிட்டது என்று தொட்டியில் வைத்தவர் ஒரு மாதம் கழித்து மறுபடி அதே வெள்ளைப் புள்ளிகளைப் பார்ப்பது இதனால்தான். முட்டையைக் கையால்தான் ஒழிக்க வேண்டும். பழைய பல்துலக்கியால் தேய்க்கலாம், கத்தி முனையால் சுரண்டலாம். என்னைக் கேட்டால், அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு நல்ல கிளைநுனிகளை மட்டும் புதிய பீடத்தில் ஒட்டுவதே மேல். பெரிய பவளத்தை வெட்ட மனம் வராது. வராவிட்டால் அது முழுசாகச் செத்துத் தொலையும், வேறொன்றுமில்லை.

● எத்தனை நாளுக்கொரு முறை முக்க வேண்டும் என்பதற்கு வெப்பமானியைக் கேளுங்கள். 2019-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று இந்தப் புழுவை 21 முதல் 30 டிகிரி செல்சியஸ்வரை வைத்து வளர்த்துப் பார்த்தது. 27 டிகிரியில் முட்டை பொரிய சராசரி 11 நாள். ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கக் குறைந்தது 38 நாள். 24 டிகிரியில் அதே தலைமுறை 64 நாள் எடுத்துக்கொண்டது. ஆக, பழைய முட்டை பொரிந்த பிறகு, புதுப் புழு முட்டையிடும் முன், அந்த இடைவெளியில் அடுத்த டிப் விழ வேண்டும். ‘வாரம் ஒருமுறை’ என்று யாரோ சொன்ன பொதுக்கணக்கு 24 டிகிரித் தொட்டிக்கும் 27 டிகிரித் தொட்டிக்கும் ஒன்றாகப் பொருந்தாது.

● அதே ஆய்வில் இன்னொரு தகவல்: பொரிந்த குஞ்சு ஊர்வதோடு நீந்தவும் செய்யும்; ஆக்ரோபோரா இல்லாமல் 9 நாள்வரை உயிரோடு இருக்கும். ஒரே சம்ப்பில் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியில்) இணைத்த நான்கு தொட்டிகளில் ஒன்றில் புழு வந்தால் மற்ற மூன்றும் சுத்தம் என்று சொல்ல முடியாது.

● தாமரை இலைபோல் தட்டையாக வளரும் பவளங்கள் மீதும் காளான் பவளங்கள் மீதும் பழுப்பு வட்டங்களாக ஒட்டிக் கிடப்பது வாமினோவா. இதுவும் சிவப்புப் புழுவின் வம்சம். பவளத்தின் மேல் ஊறும் சளியைத் தின்று பிழைக்கிறது. செங்கடலின் எய்லாத் பகுதியில் வாழும் வாமினோவா ப்ரிக்னேரி ஒரு படி மேலே போய், தன் பாசியைச் சீதனம் கொடுப்பதுபோல முட்டைக்குள்ளேயே வைத்து அடுத்த தலைமுறைக்கு அனுப்புகிறது. நாலைந்து இருந்தால் விட்டுவிடலாம். பவளத்தை மூடும் அளவுக்கு வந்தால் டிப்.

● கண்ணாடியில் ஊரும் வெள்ளைநிறப் பொடிப்புழுக்களைப் பார்த்துக் கடைக்கு ஓடாதீர்கள். பவளத்துக்கு அவற்றால் ஆபத்தில்லை. தீனியைக் குறைத்தாலே குறையும்.

● கீலிடோனூரா வேரியன்ஸ் என்ற கடல் நத்தை இந்தோ-பசிபிக் கடல்களைச் சேர்ந்தது. கறுப்பு உடம்பில் நீலக்கோடு, பார்க்க அவ்வளவு அழகு. சிவப்புப் புழு இதன் விருப்ப உணவு. மருந்தில்லாத தீர்வு என்று ஆசையாக வாங்குகிறார்கள். புழு தீர்ந்த நாளிலிருந்து அதற்குச் சாப்பாடு கிடையாது. மீன் தீனியைத் தொடாது, பட்டினியில் சாகும். புழு இருக்கும் வேறு தொட்டிக்காரருக்கு உடனே கைமாற்றிக் கொடுக்க வழி இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் அது சிகிச்சை இல்லை, பலி.

● ஆறுவரி ராஸ் என்ற சின்ன மீனும் பெப்பர்மின்ட் இறாலும் ஆக்ரோபோராப் புழுவைத் தின்னும் என்பது ஆய்வுக்கூடத்திலேயே பார்த்தறிந்த உண்மை. எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க உதவும், பூண்டோடு ஒழிக்காது. ஆறுவரி ராஸ் வளர வளர மற்ற மீன்களை விரட்டத் தொடங்கும் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். மாண்டரின் மீன் புழு தின்னும் என்று கடைக்காரர் சொன்னால் அதை நம்பி வாங்கிவிடாதீர்கள்; அதன் அன்றாடச் சாப்பாடு கோப்பிபாட்.

● ஹவாய்த் தீவுகளின் கானியோஹே விரிகுடாவில் மொண்டிப்போராப் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவை 1970-களிலேயே கண்டு எழுதிவிட்டார்கள். சாலமன் தீவுகளில் ராட்சதச் சிப்பிப் பண்ணைகளைத் தாக்கிய புழு 1993-ல் ஸ்டைலோகஸ் மத்தாத்தாசி என்று பெயர் பெற்றது. தொட்டியில் டிரிடாக்னா என்ற ராட்சதச் சிப்பி திடீரென வாய் பிளந்தால் ஓட்டின் இடுக்கையும் ஒருமுறை பாருங்கள்.

● எல்லாத் தட்டைப்புழுவும் வில்லன் இல்லை. பவளப்பாறையில் பட்டுப்புடவை நிறத்தில் நெளியும் சூடோசெரோஸ் வகைகளைப் படமெடுக்கவே முக்குளிப்பவர்கள் போகிறார்கள். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில். இரண்டு புழுக்கள் சந்தித்தால் ஒன்றையொன்று குத்தி விந்தைச் செலுத்தப் பார்க்கும். குத்துப்படாமல் விலகவும் பார்க்கும். குத்துப்பட்டது முட்டை சுமக்க வேண்டும். 1998-ல் ‘நேச்சர்’ இதழ் இந்தச் சண்டையை வெளியிட்டது.

● ஆக்ரோபோராவில் ஒட்டும் ‘ரெட் பக்’ புழு இல்லை, கோப்பிபாட் வகை. நாய்களின் இதயப்புழுவுக்குக் கொடுக்கும் மில்பெமைசின் அதற்குக் கேட்கும். தட்டைப்புழுவுக்கு அதை நம்பாதீர்கள்.

● வீட்டுத் தொட்டியில் லைவ் ராக் வைக்கும் பழக்கத்தைப் பரப்பியவர் ஜகார்த்தாவின் லீ சின் எங். 1961-ல் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகையில் அவர் தன் முறையை எழுதினார்: வடிகட்டிப் பொறிகள் வேண்டாம், கடலிலிருந்து உயிர் ஒட்டிய கல்லைக் கொண்டுவந்து வையுங்கள், தண்ணீர் தானே சுத்தமாகும். உலகம் முழுக்க அந்த வழியில் போனது. கல்லோடு நல்லதும் வந்தது, புழுவும் வந்தது. இன்று பலர் காய்ந்த கல்லில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

● மருந்து, மீன், நத்தை எல்லாவற்றையும்விட மலிவானது ஒரு சின்னத் தனித்தொட்டி. புதுப் பவளத்தை முதலில் அதில் வைத்து, டிப் செய்து, அடியில் முட்டை தேடி, 27 டிகிரி என்றால் ஒரு தலைமுறைக் கணக்கான 38 நாளையும் தாண்டிப் பார்த்துவிட்டுத்தான் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். பத்து லட்ச ரூபாய்த் தொட்டி வைத்திருப்பவர்கள்கூட இதைச் செய்வதில்லை என்பதுதான் வேதனை. கடையில் பவளம் வந்து ஒட்டியிருக்கும் பீடத்தையே தூக்கி எறிந்துவிட்டுப் புதியதில் ஒட்டினால் பாதி முட்டை அத்தோடு போகும்.

● நம்மூர்க் கடலில் எடுத்த பவளம் என்று யாராவது ரகசியமாக விற்றால் வாங்காதீர்கள். 2001 முதல் கல் பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்காவாகிவிட்டன. எடுப்பவரோடு வாங்குபவரும் மாட்டுவார்.

● மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே 1984-ல் கடலில் தென்பட்ட காலர்ப்பா என்ற தொட்டிப்பாசி, பிறகு மத்தியதரைக் கடலின் அடித்தளத்தில் பல நாடுகளின் கரையோரம் படர்ந்தது. மீன் தொட்டியில் அழகுக்கு வளர்த்த பாசி அது. புழுவும் முட்டையும் உள்ள தொட்டியைக் கலைக்கும் நாள் உங்களுக்கும் வரலாம். டிப் செய்த தண்ணீரையும் தொட்டி நீரையும் ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஒருநாள் வைத்திருந்து சாக்கடையில் விடுங்கள். கல்லை வெயிலில் எலும்பாகக் காயவைத்து எறியுங்கள். கோவளமோ தூத்துக்குடியோ ராமேஸ்வரமோ, கடலில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.